கூடைப்பந்தில் திருத்தக்கூடிய தவறுகள்: நடுவர் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில்?

தவறே செய்யாத நடுவர் கிடையாது. தகராறு வருவது தவறைத் திருத்தும்போதுதான். கொடுக்கக் கூடாத ஃப்ரீ த்ரோவை (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) கொடுத்துவிட்டு, அதைச் சரிசெய்வதாக நினைத்து கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, நடுவில் விழுந்த கூடையையும் ரத்து செய்துவிட்டால் ஒரு தவறு மூன்றாகிவிடும். இந்த வழிகாட்டி சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் 44-ஆம் விதியை ஒட்டியது (கால்பந்துக்காரர்களின் ஃபிஃபா அல்ல). நகரி, புத்தூர், திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து ஆடும் போட்டிகளில் விசில் ஊதப் போகிற புது நடுவர்களையும், மேசையில் உட்காரப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது. உதாரணங்களில் ஒரு அணி வெள்ளை, மற்றது நீலம்.

1. ஆட்டத்துக்கு முன்: மேசையோடு பேசி வைக்க வேண்டியவை

நடுவரின் அதிகாரம் ஆட்ட நேரத்துக்கு 20 நிமிடம் முன்பே தொடங்கிவிடுகிறது. அதில் ஐந்து நிமிடத்தை மேசைக்கு ஒதுக்குங்கள். ஸ்கோரர், உதவி ஸ்கோரர், டைமர், ஷாட் கிளாக் பார்ப்பவர் நால்வரையும் வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களை முடிவு செய்துவிட வேண்டும்.

முதலாவது, பேனா. முதல், மூன்றாம் குவார்ட்டருக்குச் சிவப்பு. இரண்டாம், நான்காம் குவார்ட்டருக்கு நீலம் அல்லது கறுப்பு. இது அழகுக்காக வைத்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். நடு ஆட்டத்தில் ஸ்கோரை மறுபடி எண்ண வேண்டி வந்தால், எந்தப் புள்ளி எந்தக் குவார்ட்டரில் வந்தது என்று நிறத்தை வைத்தே பிரித்துவிடலாம். ஒரே பேனாவில் எழுதிய ஷீட்டில் அதைத் தேடப் பத்து நிமிடம் ஆகும்.

இரண்டாவது, அணி ஃபவுலைக் காட்டும் சிவப்பு அட்டை. அணி ஃபவுல் என்பது ஒரு குவார்ட்டரில் ஓர் அணி செய்யும் ஃபவுல்களின் மொத்தம்; ஐந்தாவதிலிருந்துதான் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நான்காவது ஃபவுல் எழுதியதும் அதை வைக்கக் கூடாது. அந்த ஃபவுலுக்குப் பிறகு பந்து மறுபடி லைவ் ஆனதும்தான் (ஆட்டத்துக்குள் வந்ததும்தான்) வைக்க வேண்டும். தேவையில்லாத ஃப்ரீ த்ரோக்கள் பல இங்கேதான் பிறக்கின்றன. ஸ்கோரர் அவசரமாக அட்டையை வைக்கிறார். ஃபவுலை அறிவிக்கத் திரும்பிய நடுவர் அதைப் பார்க்கிறார். நான்காவது ஃபவுலுக்கே இரண்டு ஷாட் கொடுத்துவிடுகிறார்.

மூன்றாவது, சந்தேகம் வந்தால் மேசை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது. பஸ்ஸரை அடிக்க முதல் டெட் பால் (பந்து ஆட்டத்தில் இல்லாத நிலை) வரை காத்திருக்க வேண்டும். எழுந்து கத்துவதோ கையை ஆட்டுவதோ கூடாது. டெட் பால் ஆன அந்த நொடியே அடித்துவிட வேண்டும். தாமதித்தால் என்ன போகும் என்பது மூன்றாம் பகுதியில் வருகிறது.

2. முதல் கேள்வி: இது அந்த நான்கில் ஒன்றா?

விதியைக் கவனிக்காமல் விட்டதால் வந்த நான்கு தவறுகளை மட்டுமே இந்த முறையில் திருத்தலாம்: தகுதியில்லாத ஃப்ரீ த்ரோ கொடுத்தது, தகுதியிருந்தும் ஃப்ரீ த்ரோ கொடுக்காதது, புள்ளியைத் தவறாகக் கொடுத்தது அல்லது ரத்து செய்தது, வேறு ஆட்டக்காரரை ஃப்ரீ த்ரோ எறிய விட்டது.

ஃபவுலா இல்லையா, ட்ராவலிங்கா (பந்தைத் தட்டாமல் விதிக்கு மீறி அடி வைப்பது), பந்து யார் மேல் பட்டு வெளியே போனது என்பதெல்லாம் நடுவரின் கண் பார்த்த தீர்ப்பு. அவை இந்தப் பட்டியலில் கிடையாது. கோச் எவ்வளவு வற்புறுத்தினாலும் அதற்காக 44-ஆம் விதியைத் திறக்காதீர்கள். ஒருமுறை திறந்தால், எதிர் அணியின் கோச் அடுத்த ட்ராவலிங்குக்கும் அதையே கேட்பார்.

மேசையின் எழுத்துப் பிழை வேறு வகை. நடுவர் 3 காட்டினார், ஸ்கோரர் 2 எழுதினார் என்றால் அது பதிவுப் பிழை. ஸ்கோர், ஃபவுல் எண்ணிக்கை, டைம் அவுட், கடிகாரம் இவற்றில் வரும் பதிவுப் பிழையை, தலைமை நடுவர் ஷீட்டில் கையெழுத்திடும் வரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். நடுவரே 3-க்குப் பதில் 2 என்று தவறாக அறிவித்திருந்தால் அது நான்கில் ஒன்று. அதற்குக் கெடு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஸ்கோரரின் பிழையை ‘நேரமாகிவிட்டது’ என்று மறுப்பது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு.

3. இரண்டாவது கேள்வி: கெடு முடிந்துவிட்டதா?

விதி சொல்வது இது: தவறு நடந்த பிறகு கடிகாரம் ஓடி, அதன் பிறகு முதல் டெட் பால் வந்து, அந்த டெட் பாலுக்குப் பின் பந்து மறுபடி லைவ் ஆவதற்கு முன்பே தவறு கண்டுபிடிக்கப்பட வேண்டும். விரலில் எண்ணிப் பாருங்கள். தவறு, பந்து லைவ், கடிகாரம் ஓடுகிறது, பந்து டெட் என்ற நான்கு கட்டம் வரை திருத்தலாம். ஐந்தாவதாகப் பந்து மறுபடி லைவ் ஆனால் முடிந்தது.

இதில் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, விசில் அடித்தால்தான் டெட் பால் என்ற நினைப்பு. கூடை விழுந்தாலே பந்து டெட். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தாலும் டெட்தான். கூடை விழுந்தால் கடிகாரம் நிற்பது நான்காம் குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்திலும் ஓவர்டைமின் கடைசி 2 நிமிடத்திலும் மட்டுமே.

இன்னொன்று, த்ரோ-இன் (கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிவது) எறிந்த பிறகுதான் பந்து லைவ் என்ற நினைப்பு. எறிபவர் கைக்குப் பந்து வந்ததுமே லைவ். ஃப்ரீ த்ரோவிலும் அப்படியே. எறிபவரிடம் பந்தைக் கொடுத்த கணமே லைவ். ஜம்ப் பாலில் (இரு அணிக்காரருக்கு நடுவே நடுவர் பந்தை மேலே எறிவது) மட்டும் நடுவரின் கையை விட்டுப் பந்து கிளம்பும்போது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஓடுகிற ஆட்டத்தில் ஒரு கூடை விழுகிறது. எதிரணிக்காரர் வலைக்குக் கீழிருந்து பந்தை எடுத்துக்கொண்டு எண்ட் லைனுக்கு (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக் கோடு) வெளியே கால் வைக்கிறார். இடையில் இருப்பது இரண்டு மூன்று நொடி. பஸ்ஸரில் விரலை வைத்தபடி காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

டைம் அவுட் கிடைத்தால் அது மேசைக்கு அதிர்ஷ்டம். ஒரு நிமிடம் முழுக்க பந்து டெட். அந்த நேரத்தில் ஸ்கோரரும் உதவி ஸ்கோரரும் அணி ஃபவுலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். கரண்ட் போய் நடுவர் விசில் ஊதி நிறுத்தினாலும் அது டெட் பால்தான்.

4. எப்போது நிறுத்துவது

தவறு நடுவரின் கண்ணிலேயே பட்டால் உடனே ஆட்டத்தை நிறுத்தலாம். ஆனால் இரு அணியில் எதற்கும் பாதகம் வரக் கூடாது. நீல அணி தனியாகக் கூடையை நோக்கி ஓடும்போது விசில் ஊதினால், உங்கள் தவறுக்கு நீல அணி விலை கொடுக்கிறது. அந்த ஓட்டம் முடியட்டும். கூடை விழுந்தால் விழுந்ததுமே விசில். வெள்ளை அணிக்காரர் பந்தை எடுக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றால் கெடு போய்விடும். நிறுத்தாமல் பொறுக்கிறவர், எப்போது ஊதப் போகிறோம் என்பதையும் அப்போதே தீர்மானித்திருக்க வேண்டும்.

5. நிறுத்தியதும்: முதலில் எழுதுங்கள், பிறகு பேசுங்கள்

விசில் ஊதியதும் இரண்டு கோச்சும் மேசைக்கு வந்துவிடுவார்கள். அவர்களோடு பேசத் தொடங்கும் முன் ஒரு துண்டுத் தாளில் இவற்றைக் குறித்துவிடுங்கள்: ஆட்டக் கடிகாரம், ஷாட் கிளாக், இப்போது பந்து யாரிடம் அல்லது யாருக்குச் சேர வேண்டியது, தவறு நடந்தபோது பந்து யாரிடம் இருந்தது, அம்பு (ஜம்ப் பால் சூழ்நிலை வந்தால் பந்து யாருக்கு என்று மேசையில் காட்டுவது) எந்தப் பக்கம், ஆட்டம் நின்ற இடம்.

காரணம் எளிது. என்ன தவறு என்பதை ஷீட்டைப் பார்த்து எப்போதும் கண்டுபிடித்துவிடலாம். நின்ற கணத்தில் பந்து யாரிடம் இருந்தது என்பதை மூன்று நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. திருத்தம் எப்படி முடியும் என்பதைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் அதுதான்.

அடுத்து, தொடக் கூடாதவை. தவறுக்கும் அது தெரியவந்ததற்கும் இடையே ஓடிய நேரம், விழுந்த கூடை, நடந்த ஃபவுல் எல்லாம் அப்படியே செல்லும். ‘தவறு நடந்த இடத்திலிருந்து மறுபடி ஆடலாம்’ என்று இரு அணியும் ஒத்துக்கொண்டாலும் செய்யாதீர்கள். அந்த இடைவெளியில் ஒருவர் ஐந்தாவது ஃபவுல் செய்து வெளியேறியிருந்தால் அந்த ஒப்பந்தம் என்னவாகும் என்று யோசியுங்கள்.

6. தகுதியில்லாத ஃப்ரீ த்ரோ: ஒரே தவறு, பல முடிவு

நீல அணியின் நான்காவது அணி ஃபவுல். ஷாட் அடிக்கும் முயற்சியில் நடந்தது அல்ல. வெள்ளை அணிக்குச் சைடு லைனில் த்ரோ-இன் மட்டுமே உரியது. முன்கூட்டியே வைத்த சிவப்பு அட்டையைப் பார்த்து நடுவர் இரண்டு ஷாட் கொடுத்துவிட்டார். இரண்டும் விழுந்தன. இனி என்ன ஆகும் என்பது எப்போது தெரிகிறது என்பதைப் பொறுத்தது.

கடிகாரம் இன்னும் ஓடவில்லை என்றால் இரண்டு புள்ளியும் ரத்து, வெள்ளைக்கு த்ரோ-இன். எல்லாம் முன்பிருந்தபடி.

நீலம் உள்ளே எறிந்து, கடிகாரம் ஓடி, நீல அணிக்காரர் டிரிபிள் செய்துகொண்டிருக்கும்போது ஆட்டம் நின்றால்: புள்ளிகள் ரத்து. தவறு நடந்தபோது பந்து வெள்ளையிடம், இப்போது நீலத்திடம். இது ஜம்ப் பால் சூழ்நிலை. அம்பு யார் பக்கமோ அவர்களுக்கு த்ரோ-இன். த்ரோ-இன் முடிந்த பிறகுதான் அம்பைத் திருப்ப வேண்டும். கொடுக்கும்போதே திருப்பிவிடுவது வழக்கமான பிழை.

நீலம் கூடை போட்டுவிட்டது, வெள்ளை எண்ட் லைனில் பந்தை இன்னும் எடுக்கவில்லை, அப்போது பஸ்ஸர். வெள்ளையின் இரண்டு ஃப்ரீ த்ரோ புள்ளி ரத்து, நீலத்தின் கூடை செல்லும். இப்போது பந்து வெள்ளைக்கு உரியது, தவறின்போதும் வெள்ளையுடையதே. ஆகவே வெள்ளை எண்ட் லைனிலிருந்து தொடரும். கோச்சுகள் சண்டைக்கு நிற்பது இங்கேதான்: ‘எங்கள் புள்ளியை எடுத்தீர்கள், அவர்களுடையதை ஏன் விட்டீர்கள்?’ நீலம் ஆடிப் போட்ட கூடை முறையானது, ஃப்ரீ த்ரோ முறையானதல்ல. அவ்வளவுதான் பதில்.

வெள்ளை அணிக்காரர் பந்தைக் கையில் எடுத்து எண்ட் லைனுக்கு வெளியே நின்றுவிட்டார் என்றால் எதுவும் மாறாது. தவறு தவறாகவே தங்கும், ஆட்டம் ஓடும். ‘தெரிந்த பிறகும் திருத்தாமல் விடுவது அநியாயம் அல்லவா’ என்று தோன்றும். கெடு தாண்டித் திருத்துவதுதான் அநியாயம், ஏனென்றால் அடுத்த தவறை எந்த எல்லை வரை திருத்துவீர்கள் என்பதற்கு அளவே இருக்காது.

இன்னொரு கிளை உண்டு. தெரியவந்த நேரத்தில் வேறொரு ஃபவுலுக்கு ஃப்ரீ த்ரோ கொடுக்கப்பட்டிருந்தால், அந்த ஃப்ரீ த்ரோக்களை எறியவிட்டு, பிறகு தவறின்போது பந்து வைத்திருந்த அணிக்கு, இங்கே வெள்ளைக்கு, த்ரோ-இன் கொடுக்க வேண்டும். கடைசி ஷாட்டின்போது ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க) யாரையும் நிறுத்தக் கூடாது.

7. கொடுக்க மறந்த ஃப்ரீ த்ரோ

ஐந்தாவது அணி ஃபவுலை நான்காவது என்று எண்ணி த்ரோ-இன் கொடுத்துவிடுவது இந்த வகை. ஓவர்டைமில் இது அடிக்கடி நடக்கும். ஓவர்டைம் ஃபவுல்கள் நான்காம் குவார்ட்டரின் தொடர்ச்சி. புதிதாகப் பூஜ்யத்திலிருந்து எண்ணும் ஸ்கோரர்கள் இருக்கிறார்கள். கோச் மீதும் பெஞ்ச் மீதும் விதிக்கும் டெக்னிக்கல் (நடத்தைக்கான ஃபவுல்), அணி ஃபவுலில் சேராது. அதையும் சேர்த்து எண்ணினால் பிழை எதிர்த் திசையில் போகும்.

திருத்தும்போது பார்க்க வேண்டியது, பந்து கைமாறியதா என்பது. வெள்ளைக்கு இரண்டு ஷாட் உரியது, த்ரோ-இன் கொடுத்தாகிவிட்டது. பந்து இன்னும் வெள்ளையிடமே என்றால் இரண்டு ஷாட்டும் கொடுத்து, கடைசி ஷாட்டுக்குப் பிறகு வழக்கமான ஃப்ரீ த்ரோ போலவே ஆட்டம் தொடரும். ரீபவுண்டுக்கு ஆட்கள் நிற்பார்கள். நீலம் பறித்துவிட்டது என்றால் ரீபவுண்டு வரிசை இல்லாமல் இரண்டு ஷாட், பிறகு ஆட்டம் நின்ற இடத்திலிருந்து நீலத்துக்குப் பந்து.

அந்தத் தவறான த்ரோ-இன்னுக்குப் பிறகு வெள்ளையே கூடை போட்டிருந்தால் தவறை விட்டுவிட வேண்டும். இழந்த வாய்ப்பை அவர்களே எடுத்துக்கொண்டாயிற்று. மூன்று புள்ளிக் கூடையானாலும் இரண்டு புள்ளிக் கூடையானாலும் கணக்கு ஒன்றுதான்.

எறிய வேண்டியவர் இதற்குள் மாற்றப்பட்டு பெஞ்சில் இருந்தால் உள்ளே வந்து எறிய வேண்டும். காயத்தாலோ ஐந்தாவது ஃபவுலாலோ தகுதி நீக்கத்தாலோ போயிருந்தால் அவருக்குப் பதில் வந்தவர் எறிவார். ‘நல்லா எறியறவன் ஒருத்தனை அனுப்பறோம்’ என்று கோச் சொன்னால் அனுமதி இல்லை.

8. ஆள் மாறி எறிந்தால்

எல்லையோரப் போட்டிகளில் இந்தத் தவறுக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. தெலுங்கில் ஏழு என்பது ‘ஏடு’. மைதானத்து இரைச்சலில் தமிழ்க் காதுக்கு அது ‘எட்டு’ என்று விழும். தெலுங்கில் எட்டு ‘எனிமிதி’ என்பது தெரியாதவருக்குச் சந்தேகமே வராது. ஃபவுலுக்கு ஆளானவர் 7, எறிய நிற்பவர் 8.

வாயை நம்பாமல் கையை நம்புங்கள். எண்ணை விரலில் காட்டி, வாயால் சொன்னால் ஆங்கிலத்தில் ‘செவன்’, ‘எய்ட்’ என்றே சொல்லுங்கள். ஒற்றை இலக்க 7-க்கு ஒரு கையில் ஐந்து, மறு கையில் இரண்டு. 11 முதல் 15 வரை வலக்கை மூடிய முட்டி பத்து, இடக்கை விரல்கள் மிச்சம். 16-இலிருந்து, முதலில் புறங்கையைக் காட்டி பத்தாம் இலக்கம், பிறகு உள்ளங்கையைக் காட்டி ஒன்றாம் இலக்கம். ஸ்கோரர் தலையசைத்த பிறகு கையை இறக்குங்கள். ஃபவுல் செய்தவரின் எண் மேசைக்குத் தேவை. ஃபவுலுக்கு ஆளானவரின் எண் உங்கள் சக நடுவருக்குத் தேவை. பந்தைக் கொடுக்கப் போகிறவர் அவர்தான். கொடுக்கும் முன் சட்டை எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டியதும் அவர்தான்.

முதல் ஷாட்டில் பந்து தவறான ஆளின் கையை விட்டுப் போகும் முன் தெரிந்தால், சரியானவரை நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள், தண்டனை இல்லை. எறிந்த பிறகு தெரிந்தால் விழுந்த புள்ளி ரத்து, அந்த ஃபவுலோடு பந்தும் உரியதாக இருந்தால் அதுவும் ரத்து. ஃப்ரீ த்ரோ கோட்டின் நேர்நீட்சியில் சைடு லைனிலிருந்து எதிரணிக்கு த்ரோ-இன். சரியான ஆளை வைத்து மறுபடி எறியவிடுவது கிடையாது. ஆட்டம் ஏற்கெனவே தொடர்ந்துவிட்டிருந்தால் புள்ளியை ரத்து செய்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து தொடரவும். நான்கில் கடுமையானது இதுதான். நடுவர் ஒரு நொடி சட்டையைப் பார்த்திருந்தால் வந்திருக்காததும் இதுதான்.

9. புள்ளிப் பிழை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. த்ரோ-இன் பந்து யார் மேலும் படாமல் நேரே கூடைக்குள் போனதைப் புள்ளியாகக் கொடுத்தது, கடிகாரத்தில் 0.2 நொடி மட்டும் இருக்கும்போது பிடித்து எறிந்ததைச் செல்லுபடியாக்கியது (பிடித்து எறிய 0.3 வேண்டும்; அதற்குக் கீழே தட்டிவிடவோ டங்க் செய்யவோ மட்டுமே முடியும்) போன்றவை இதில் வரும். கெடுவுக்குள் தெரிந்தால் புள்ளியைச் சரிசெய்து, ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடரவும்.

10. கோச்சுகளிடம் சொல்லும் விதம்

தலைமை நடுவரும் சக நடுவரும் முதலில் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும். கருத்து வேறுபட்டால் தலைமை நடுவரின் முடிவே முடிவு. பிறகு இரண்டு தலைமைக் கோச்சுகளையும் ஒரே நேரத்தில், மேசைக்கு முன்னால் அழையுங்கள். ஒருவரிடம் முன்னால் போய்ச் சொன்னால், என்ன சொன்னீர்கள் என்பதைவிட முதலில் யாரிடம் போனீர்கள் என்பதுதான் பேச்சாகும்.

மூன்றே வாக்கியம் போதும். “சார், அது நாலாவது ஃபவுல், ரெண்டு ஷாட் தப்பாக் கொடுத்துட்டோம். அந்த ரெண்டு பாயிண்ட் கேன்சல், நீல டீமோட பாஸ்கெட் இருக்கு. வெள்ளைக்கு எண்ட் லைன்ல பால்.” தெலுங்கு மட்டும் தெரிந்த கோச் இருந்தால் இதையே சக நடுவர் தெலுங்கில் சொல்லட்டும், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். மன்னிப்பு ஒரு சொல்லில் இருந்தால் நல்லது. நீட்டி மன்னிப்புக் கேட்டால் அடுத்த பத்து நிமிடம் ஒவ்வொரு விசிலுக்கும் விளக்கம் கேட்பார்கள்.

ஸ்கோர் பலகையை மாற்றிய பிறகு, ஷீட்டிலும் மாற்றியாயிற்றா என்று நீங்களே பாருங்கள். பலகை ஒன்று, ஷீட் ஒன்று என்று இருந்தால் ஆட்டம் முடிந்ததும் இதே சண்டை மறுபடி வரும்.

11. கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

மேசையில் உள்ளவர்களும் சக நடுவர்களும் கையெழுத்திட்ட பிறகு, கடைசியாகத் தலைமை நடுவர் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் ஓடு ஸ்கோரை ஒருமுறை மேலிருந்து கீழ் எண்ணிவிடுங்கள்: நிரப்பிய வட்டம் ஃப்ரீ த்ரோ, சாய்கோடு ஃபீல்டு கோல், எண்ணைச் சுற்றிய வட்டம் மூன்று புள்ளி. ஆட்டம் முடிந்த பிறகு பதிவுப் பிழை தெரிந்தால், வெற்றி தோல்வியே மாறினாலும் திருத்தியாக வேண்டும். ஜெயித்த அணி மாலையோடு படம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது காரணமாகாது.

ஒரு அணி புகார் தர விரும்பினால், ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் அதன் கேப்டன் தலைமை நடுவரிடம் சொல்லி, ஷீட்டில் அதற்கான கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ நடுவருக்கு வேலையில்லை.

தலைமை நடுவர் கையெழுத்திட்ட பிறகு தெரிந்த பிழையை ஷீட்டில் தொடக் கூடாது. வெள்ளை மை பூசித் திருத்தவே கூடாது. போட்டி நடத்துபவர்களுக்கு விரிவான அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். எந்தக் குவார்ட்டர், கடிகாரத்தில் எவ்வளவு, என்ன தவறு, யார் எப்போது கண்டார்கள், அப்போது பந்து யாரிடம் என்று எழுதுங்கள். ஐந்தாம் பகுதியில் சொன்ன துண்டுத் தாள் இருந்தால் அதையும் அறிக்கையோடு பின் குத்தி வையுங்கள்.